ஐநூற்று நான்கு தாள்

பென்சில் சீவுததுக்கு நான் மிஷின் வச்சுக்கிடுததில்ல மேடம். பிளேடுதான். மிஷின்ல சீவுன கூரு பத்துக் கோட்டுல மழுங்கிரும், பிளேடுல சீவுனது ஒரு தாள் முழுக்கத் தாங்கும். உங்க ரைட்டர் தங்கசாமி அண்ணாச்சி பிளேடு தரமாட்டேன்னுட்டாக. ஸ்டேஷன்னா அப்படித்தான், நான் குத்தம் சொல்லல. அவுக சீவிக் குடுத்த பென்சில வச்சுத்தான் நீங்க கேட்ட ஓடையோட படத்தப் போட்டிருக்கேன். கோடு கொஞ்சம் தடிச்சுப் போச்சு.

முதல்ல இருந்து சொல்லணும்னிய. சொல்லுதேன். பேரு கௌரிசங்கர், வயசு நாப்பத்திமூணு, ஊரு மேலகரம். மெட்ராஸ்ல ஒரு கார்ட்டூன் கம்பெனியில பதினோரு வருசம் குப்பை கொட்டினேன். எவனோ வரைஞ்ச எலிக்கு வாலு ஆட்டுத வேலை. படம் டிவில வரும்போது கடைசில பேரெல்லாம் மேல ஓடும்லா, அதுல என் பேரு ஒரு நாளும் வந்ததில்ல. எங்க அம்மை டிவிக்கு முன்னால உக்காந்து, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கடைசி வரி வரைக்கும் தேடுவா. கம்பெனிய மூடினதும் ஊருக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியாராச் சேந்தேன். வரும்போதே ஒரு முடிவோடதான் வந்தேன். ஒரே ஒரு படம், ஆறு நிமிசம். கதை, வரையுதது, போட்டோ புடிக்கது, சத்தம் சேக்கது எல்லாம் நான் ஒருத்தன். வேற ஒரு பேரு அதுல வரக் கூடாது. பேரே இல்லாம அத்தன வருசம் உழைச்சவனுக்கு இந்த ஆசை தப்பில்லன்னு நீங்களும் ஒத்துக்கிடுவிய.

படத்தோட பேரு 'நனையாத பிள்ளை'. நீங்கதான் பாத்துட்டியளே, இருந்தாலும் ரைட்டர் எழுதுததுக்காகச் சொல்லுதேன். குற்றாலத்துல சீசன். ஊரே சாரல்ல நனையுது, ஒரு பிள்ள மேல மட்டும் ஒரு சொட்டு விழாது. குடையும் கிடையாது, காஞ்ச சட்டையோட நிப்பா. எல்லாரும் அவள ஒரு மாதிரியாப் பாத்து ஒதுங்குதாங்க. கடைசில அவ ஓடையில இறங்கி, கண்ண மூடிக்கிட்டு நிக்கா. தண்ணி வந்து அவளத் தொடுது. அதோட முடிஞ்சுது. கதை என்னோடதுதான். என் சம்சாரம் நாச்சியாரோட அம்மை செத்தன்னைக்கு நல்ல மழையாம், எல்லாரும் நனைஞ்சுக்கிட்டே சுடுகாட்டுக்குப் போனாங்களாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துரும்னு இவள மட்டும் ஒரு காருக்குள்ள வச்சுக் கதவ அடைச்சுட்டாங்களாம். அந்தக் கண்ணாடி வழியாப் பாத்தத ஒருநாள் சாப்பிடும்போது சொன்னா. அவ சொன்னது அவ்வளவுதான். மத்தது பூரா நான் உண்டாக்கினது.

நாச்சியாரப் பத்தியும் சொல்லிருதேன். சொந்த ஊரு சுந்தரபாண்டியபுரம். தென்காசியில ஒரு லேப்ல ரத்தம் எடுக்க வேலை. பச்சப்பிள்ளைக்குக் கூட ஒரே குத்துல நரம்பப் புடிச்சுருவான்னு சொல்லுவாங்க. கை நடுங்காது. படம் வரையுததுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இருந்தாலும் சொல்லி வைக்கேன்.

எங்க தொழில்ல ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் மேடம். ஆறு நிமிசத்துக்கு நாலாயிரத்து முன்னூத்தி இருபது தாள். கண்ணாடி மேசைக்கு அடியில லைட்டப் போட்டு, தாள் மேல தாள் வச்சு, கீழ உள்ளதப் பாத்துப் பாத்து மேல உள்ளத ஒரு நூல் நகத்தி வரையணும். பிள்ள கையத் தூக்குதான்னா, கை கீழ இருக்க படமும் மேல இருக்க படமும் நான் போடுவேன். நடுவுல வாரதுக்கு இடைப்படம்னு பேரு. அதுக்கு மூளை வேண்டாம், பொறுமை போதும். அதத்தான் நாச்சியார் செஞ்சா. சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளிச்சுட்டு, ஒரு காப்பியக் குடிச்சுட்டு எதுத்தாப்புல உக்காருவா. முதல்ல தாளுக்கு நம்பர் போட்டா, பிறகு இடைப்படம். கூடமாட ஒத்தாசைன்னு சொல்லுவோம்லா, அந்தக் கணக்குத்தான்.

ஒருநாள் அந்தப் பிள்ள பஜார்ல நடந்து வாரத வரைஞ்சு வச்சிருந்தேன். இவ தாள விரல்ல விசிறிப் பாத்துட்டு, "ஏங்க, இவ காலு தரையில ஊனவே மாட்டேங்குதே. மிதந்துல்லா வாரா"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. "நீ ரத்தம் எடுக்க சோலியப் பாருட்டி"ன்னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டா. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாக்கேன், அறுபது தாளையும் முதல்ல இருந்து வரைஞ்சு வச்சிருக்கா. பிள்ள தரையில நடந்தா. ஒரு எடத்துல சேத்துல குதிகால் லேசா வழுக்கி, பிறகு ஊனிச்சு. அது நல்லா இருந்துச்சு, நான் மறுக்கல. ஆனா நான் தப்பா வரைஞ்சதப் பாத்ததுனாலதான அவளுக்குச் சரியானது எதுன்னு தெரிஞ்சுது? அந்த வகையில பாத்தா அந்த நடையும் என்னோடதுதான்.

அதுக்குப் பிறகு லேப்ல அரைநாள் வேலையா மாத்திக்கிட்டா. நான் சட்டுன்னு ஒரு படத்தப் போட்டு, இதுல சாரல் விழணும், இதுல ஒருத்தன் வடைத் தட்டத் துணியால மூடணும்னு சொல்லிட்டுப் பள்ளிக்கூடம் போயிருவேன். வந்து பாத்தா எல்லாம் நடந்து முடிஞ்சிருக்கும். போகப் போக நான் அந்த ஒரு படத்தையும் போடுததில்ல, வாயால சொல்லுததோட சரி. ரெண்டு வருசத்துல அஞ்சு நிமிசம் தேறிச்சு. ஒவ்வொரு தாளோட கீழ் மூலையிலயும் கடுகு மாதிரி 'நா'ன்னு போட்டு வைப்பா. "எது யாருதுன்னு குழம்பிரக் கூடாதுல்லா"ன்னு சொல்லுவா. பெரியவன் நான் இருக்கேன், எனக்கு என்ன குழப்பம். நீங்க தாள வெளிச்சத்துல சரிச்சுப் பாத்து, அந்த மூலையில ரப்பர் போட்ட தடம் இருக்குன்னிய. வாஸ்தவம். காலாண்டு லீவுல உக்காந்து அழிச்சேன், அஞ்சு நாள் ஆச்சு. எத்தன தாள்ல அந்த எழுத்து இல்லன்னு கேட்டிய. அத நான் எண்ணல.

வெளிநாட்டுல ஒரு பட விழா. ஒரே ஆள் தனியாச் செஞ்ச குறும்படத்துக்குன்னே அதுல ஒரு பிரிவு இருக்கு. முடிஞ்ச வரைக்கும் அனுப்பலாம், கடைசி ஒரு நிமிசத்தப் பிறகு சேத்துக்கிடலாம்னு போட்டிருந்தான். அனுப்பினேன். வைகாசியில, படத்த எடுத்துக்கிட்டோம்னு பதில் வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பாவூர்சத்திரம் வரைக்கும் பைக்க விட்டு, ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பி வந்தேன், எதுக்குப் போனேன்னே தெரியல. அவ்வளவு சந்தோசம். வீட்டுக்கு வந்தா நாச்சியார் அந்த மெயில வாசிச்சுக்கிட்டு இருக்கா.

"என் பேரு எங்கனங்க?"ன்னு கேட்டா.

சண்டையா வரல மேடம், உப்பு எங்கனன்னு கேக்க மாதிரிக் கேட்டா. இது ஒத்த ஆளுக்கு உள்ள பிரிவு, ரெண்டு பேரு போட்டா எடுக்க மாட்டான்னு விளக்கிச் சொன்னேன். பொறுமையாக் கேட்டா. கேட்டுட்டு, "அப்பம் வேற பிரிவுல சேத்துக்கிடச் சொல்லுவோம். சீசன் முடியவும், கடைசி நிமிசத்த வரைஞ்சுட்டு, நானே அவங்களுக்கு ஒரு மெயில் போட்டுருதேன். உங்க பேரு முதல்ல இருக்கட்டும்ங்க, எனக்கு ரெண்டாவது போதும்"னு சொன்னா. சொல்லிட்டுத் தோசைய ஊத்தப் போயிட்டா.

ரெண்டாவது போதுமாம். எனக்கு அன்னைக்குத் தோசை இறங்கல. கோவம்னு எழுதாதிய. கோவப்பட்டா நான் சத்தம் போட்டிருப்பேன். நான் விழாவுக்கு எழுதிக் குடுத்தது ஒத்த ஆள்னு. அது பொய்யாயிரக் கூடாதேன்னு ஒரு கவலை, அவ்வளவுதான்.

இனி ஓடைக்கு வாரேன். மலையடிவாரத்துல எங்க தோப்புக்குப் பின்னால போற ஓடை, இந்தப் படத்துல போட்டிருக்கேன் பாருங்க. நீங்களும் அடிவாரத்துக்காரங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ரைட்டருக்காகச் சொல்லுதேன். கீழ வெயிலடிச்சுக்கிட்டு இருக்கும், மேல மலையில கொட்டும். வெள்ளம் வாரதுக்கு முன்னால தண்ணியில சருகு வரும். முதல்ல ஒண்ணு ரெண்டு இலை, பிறகு சுள்ளி, பிறகு தண்ணி டீ நிறத்துக்கு மாறும், அதுக்குப் பிறகுதான் வெள்ளம். அதனால எங்க பக்கம் குளிக்கப் போனா ஒருத்தரக் கரையில நிறுத்திட்டுத்தான் மத்தவங்க இறங்குவாங்க. அவன் கண்ணு தண்ணியிலயே இருக்கணும். முதல் இலையக் கண்டதும் "சருகு"ன்னு கத்தணும். கத்தினா, சோப்புப் போட்ட மேனிக்கு ஏறிருவோம். நானும் சின்ன வயசுல எத்தனையோ தடவ கரையில நின்னிருக்கேன். ஒரு தடவ கூடத் தவறினதில்ல.

நாச்சியாருக்கு இது தெரியாது. சுந்தரபாண்டியபுரத்துல கிணறும் வாய்க்காலும்தான். அவளுக்குத் தண்ணின்னா மோட்டாரப் போட்டா வாரது, நிப்பாட்டினா நிக்கது.

கடைசிக் காட்சிக்கு ஒரு நெசமான உடம்பு வேண்டியிருந்துச்சு. தண்ணிக்குள்ள நிக்க ஆளோட தோளு எப்படி இருக்கும், மூச்சு விடும்போது கழுத்து என்ன செய்யும்னு மனசுல இருந்து வரைய முடியாது. வீடியோ எடுத்து, அத ஒவ்வொரு படமா நிறுத்தி, மேல தாள வச்சு எடுக்கணும். ஓடைக்கு நடுவுல ஒரு பாறை இருக்கு. அதுல மலைக்கு முதுகக் காட்டி, என்னப் பாக்க நிக்கணும், கண்ண மூடிக்கிடணும்னு சொன்னேன். "ஏங்க, தண்ணி கிண்ணி வந்துராதுல்லா?"ன்னு கேட்டா. "நான் கரையிலதான நிக்கேன். வந்தா சொல்ல மாட்டனா?"ன்னேன்.

காலையில பத்தே முக்கால். செல்போன ஸ்டாண்டுல மாட்டியாச்சு. பதினெட்டு நொடி வரைக்கும் தண்ணி தெளிஞ்சு இருந்துச்சு. பத்தொம்பதாவது நொடியில அவ இடது முழங்காலுக்குப் பக்கத்துல ஒரு இலை வந்துச்சு. பிறகு நாலஞ்சு. அப்பம் அவ, "காலுல என்னமோ ஒட்டுதுங்க"ன்னா.

"இலைதான். கண்ணத் தொறந்துராத, நல்லா வந்துக்கிட்டு இருக்கு"ன்னேன்.

அவ தொறக்கல. சொன்ன பேச்சக் கேக்கவ. நல்லா வருதுன்னு சொன்னதும் உதட்டோரத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு, அதையும் வரைஞ்சிருக்கேன். நான் அவள உரசக்கூட இல்ல மேடம். எனக்கும் அவளுக்கும் நடுவுல பதினாலு அடி இருந்துச்சு, நீங்களே டேப் வச்சு அளந்திய. மலையில பெஞ்ச மழைக்கு நான் பொறுப்பாக முடியாது. நான் ஒரே ஒரு வார்த்தையச் சொல்லல, அவ்வளவுதான் என் பேருல உள்ளது.

ரெண்டு கிலோமீட்டர் கீழ, மதகுக்கிட்ட அவள எடுத்தாங்க. அன்னைக்கு நீங்க ரொம்பத் தன்மையா நடந்துக்கிட்டிய. "அண்ணாச்சி, தண்ணிய வாயில ஊத்துங்க, பிறகு பேசுவோம்"னு சொல்லி ஒரு பாட்டிலத் திறந்து குடுத்திய. நான் அழுதேன். அது நடிப்பில்ல, நெசமாவே அழுகை வந்துச்சு, பதினேழு வருசம் கூட வாழ்ந்தவ. சருகு கிருகு ஒண்ணும் வரல, திடீர்னு வந்துருச்சுன்னு நான் சொன்னத அப்படியே எழுதிக்கிட்டிய. போனும் தண்ணியோட போச்சுன்னு சொன்னேன். ஸ்டாண்டுதான் போச்சு. போன் என் சட்டைப் பையில இருந்துச்சு.

பதினாறாம் நாள் விசேசம் கழிஞ்சதும் மேசையில உக்காந்தேன். அந்தக் கடைசி நிமிசத்த மட்டும் அவ இல்லாம, மூணு மாசம், நான் ஒருத்தனா வரைஞ்சேன். எழுநூத்தி இருபது தாள். ஒரு கோடு கூட அவளுது கிடையாது. லேசில்ல மேடம். தண்ணி ஒரு எடத்துல கூட நிக்காது, அவ தோளு என் கைக்கு வரவே மாட்டேன்னுச்சு. பாதித் தாள்ல, ஏட்டி இது சரியான்னு கேட்டுட்டு, தலையத் தூக்கி எதுத்தாப்புலப் பாத்திருக்கேன். இருந்தாலும் விடல. வீடியோவுல என்ன இருந்துச்சோ அத ஒண்ணு விடாம எடுத்தேன். வெள்ளம் அவளத் தொடுத தாளோட படம் முடியுது. முடிஞ்சதும் முழுப்படத்தையும் விழாவுக்கு அனுப்பிட்டு, வீடியோவ அழிச்சுட்டேன், தேவையில்லாதத நான் வச்சுக்கிடுததில்ல.

தை மாசம் பள்ளிக்கூடத்து ஹால்ல படத்தப் போட்டேன். உங்களையும் கூப்பிட்டேன். எதுக்குக் கூப்பிட்டன்னு ரைட்டர் அண்ணாச்சி நேத்துத் தலையில அடிச்சுக்கிட்டாக. அன்னைக்குப் பாட்டில் திறந்து குடுத்தவங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும்லா. எல்லாரும் கை தட்டினாங்க. நீங்க தட்டல. எல்லாரும் கலைஞ்ச பிறகு பக்கத்துல வந்து, "கடைசில சருகு வருதுல்லா அண்ணாச்சி, அது மட்டும் எத்தன தாளு?"ன்னு கேட்டிய.

இத்தன பேரு பாத்ததுல ஒருத்தராவது வேலையப் பத்திக் கேட்டாங்களேன்னு எனக்கு மனசு குளுந்து போச்சு. முதல் இலையில இருந்து வெள்ளம் வரைக்கும் ஐநூத்தி நாலுன்னு சொன்னேன். நொடிக்குப் பன்னிரண்டுன்னும் நானே சொன்னேன். நீங்க அத வகுத்துப் பாத்திய. "நாப்பத்திரெண்டு நொடி"ன்னு சொன்னிய. அதுக்குப் பிறகு நீங்க என்ன அண்ணாச்சின்னு கூப்பிடல.

அன்னைக்கே, அதெல்லாம் கற்பனையில வரைஞ்சதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். வக்கீலும் அதத்தான் சொல்லுதாரு. வீடியோவும் இல்ல, சாட்சியும் இல்ல, படம் வரையுதவன் சருகு வரையாம என்ன செய்வான்னு கேப்போம்கிறாரு. நீங்களும் அந்த ஹால்ல, "இது நீங்களா யோசிச்சுப் போட்டதா?"ன்னு ஒரு வழி விட்டிய. என்னால முடியல மேடம். அந்த ஒவ்வொரு இலையும் நெசம். எந்த இலை எந்தப் படத்துல அவ காலத் தாண்டுச்சோ, அந்தப் படத்துலதான் போட்டிருக்கேன். மூணு மாசம் கண்ணு நோகச் செஞ்சத மனம்போல வரைஞ்சதுன்னு சொன்னா அது எனக்கே நான் செய்யுத துரோகம். என் பதில் "கண்ணால கண்டதுதான்"ங்கிறதுல மாத்தமில்ல.

எழுதுங்க, நான் நிதானமாச் சொல்லுதேன். முதல் இலைய நான் பாத்தேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். நாப்பத்திரெண்டு நொடியில அவ கரைக்கு ரெண்டு தடவ வந்து போயிருக்கலாம். நான் கத்தல. இன்னொண்ணும் இருக்கு, நீங்க கேக்கல, விட்டுப் போகக் கூடாதுன்னு சொல்லுதேன். அன்னைக்குப் போனது மூணாவது நாள். அதுக்கு முன்னால ரெண்டு நாள் அவளக் கூட்டிட்டுப் போயி அதே பாறையில நிறுத்தினேன். ரெண்டு நாளும் மலையில மேகம் கருப்புக் கட்டி இருந்துச்சு, ஆனா தண்ணி வரல. வெளிச்சம் சரியில்லட்டி, நாளைக்குப் பாப்பம்னு கூட்டிட்டு வந்துட்டேன். ரெண்டாம் நாள் அவளுக்கு லேசா சளி புடிச்சுருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன். மூணாம் நாள்தான் அமைஞ்சுது.

இவ்வளவுதான் மேடம். எங்க கையெழுத்துப் போடணுமோ காட்டுங்க, போடுதேன்.

இப்பம் நீங்க என் போனுக்கு வந்த மெயில வாசிச்சுக் காட்டினிய. ரெண்டாவது தடவயும் வாசிக்கச் சொன்னதுக்குக் கோவிச்சுக்கிடாதிய, காதுல சரியா விழல. முழுப்படத்தையும் பாத்துட்டாங்க. முதல் அஞ்சு நிமிசத்துல உள்ள கை லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வாய்க்கும்னு எழுதியிருக்காங்க. அந்தச் சேத்துல குதிகால் வழுக்குதத் தனியாக் குறிச்சிருக்காங்க. அந்தக் கடைசி ஒரு நிமிசம் மட்டும் வேற யாரோ கத்துக்குட்டி வரைஞ்ச மாதிரி விறைச்சுப் போயி, உயிரில்லாம இருக்காம். இது ஒத்த ஆள் செஞ்ச படம்னு சொல்லியிருக்கிய, அந்த இன்னொரு ஆள் யாருன்னு தெரிஞ்ச பிறகுதான் பரிசப் பத்திப் பேச முடியும்னு கேட்டிருக்காங்க.

நியாயமான கேள்விதான். அதுக்கு ஒரு பதில் அனுப்பணும். எனக்குத்தான் போனத் தரமாட்டிய, நீங்களே தட்டி விட்டுருங்க. இவ்வளவுக்குப் பிறகு மறைச்சு என்ன ஆகப் போவுது, உள்ளது உள்ளபடி போகட்டும். முதல் அஞ்சு நிமிசமும் கௌரிசங்கர் தனியா வரைஞ்சது. கடைசி ஒரு நிமிசத்துக்கு மட்டும் சம்சாரம் நாச்சியார் ஒத்தாசை செஞ்சா, அவளுக்கு அவ்வளவுதான் வரைய வந்துச்சுன்னு எழுதுங்க.